பேக்கப்பில் ஓனர் எங்கே போனார்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. பேக்கப் எடுத்தோம், கோப்புகள் வந்தன, ஆனால் யாருடைய கோப்பு என்ற விவரம் வரவில்லை, அல்லது தப்பாக வந்தது என்கிறார்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளையும், அவற்றோடு சேர்த்துக் கொடுக்கும் தேர்வுகளையும் உச்சரிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஓரெழுத்துத் தேர்வுக்கு முன்னால் ஒரு கோடு, சொல்லாக வரும் தேர்வுக்கு முன்னால் இரண்டு கோடு.

கேள்வி: மேடம், ஐந்து பேர் பயன்படுத்தும் பொதுக் கோப்புறை ஒன்று என் லினக்ஸ் கணினியில் இருக்கிறது. அதை தினமும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையில் 'ஏ' தேர்வு போட்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு எடுத்து வந்தேன். கணினியின் டிஸ்க் பழுதானதால் பேக்கப்பைத் திரும்பக் கொண்டுவந்தேன். எல்லாக் கோப்பும் என் பெயரில் வந்து நிற்கிறது! 'ஏ' போட்டால் எல்லாம் அப்படியே வரும் என்றுதானே சொன்னார்கள்? எக்ஸ்டர்னல் டிஸ்க் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆனது.

சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார்கள். 'ஏ' என்பது ஆர்க்கைவ். ஏழு தேர்வுகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை அது. உட்கோப்புறைகள், சிம்லிங்க்குகள் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழிகள்), பர்மிஷன், திருத்திய நேரம், குரூப், ஓனர், சாதனக் கோப்புகள் ஆகிய ஏழும் அதில் வரும். ஓனரும் அதில் இருக்கிறார் என்பது உண்மைதான். ஆனால் ஆர்சிங்க் கேட்டாலும் லினக்ஸின் மையமான கெர்னல் கொடுக்க வேண்டுமே!

ஒரு கோப்பின் ஓனரை மாற்றும் அதிகாரம் லினக்ஸில் ரூட் என்ற தலைமை யூசருக்குத்தான் உண்டு. உங்கள் சொந்தக் கோப்பைக்கூட இன்னொருவர் பெயருக்கு நீங்கள் எழுதிக்கொடுக்க முடியாது. இது தேவையான கெடுபிடி. இல்லையென்றால் பெரிய பெரிய கோப்புகளைப் பக்கத்து இருக்கைக்காரர் பெயரில் எழுதிவிட்டு அவருடைய டிஸ்க் கோட்டாவைத் தின்ன முடியும். குரூப் விஷயத்தில் கொஞ்சம் தளர்வு: நீங்கள் எந்தக் குரூப்களில் உறுப்பினரோ, அவற்றுக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

நீங்கள் சாதாரண யூசராக ஆர்சிங்க்கை ஓட்டினால், அது ஓனரை மாற்ற முயற்சிகூடச் செய்யாது. எந்தத் தகவலும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். எச்சரிக்கை வராது, பிழை எண் வராது, கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரி பூஜ்ஜியம் காட்டி நிற்கும். எனக்கு ஆர்சிங்க் மேல் பெரிய மரியாதை உண்டு, ஆனால் இந்த மௌனத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எத்தனையோ பேர் வருடக்கணக்கில் ஏமாந்திருப்பது இந்த இடத்தில்தான்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உங்கள் டிஸ்க். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற லினக்ஸ் கோப்பு முறைகளில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்று ஒரு சின்னப் பதிவு இருக்கும். ஓனர் எண்ணும் குரூப் எண்ணும் அதில்தான் எழுதப்படும். எக்ஸ்ஃபேட்டிலும் ஃபேட்32-லும் அதற்கு இடமே கிடையாது. அந்த டிஸ்க்கில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டால் ஓனர் பெயர் தெரிகிறதே என்பீர்கள். அது டிஸ்க்கில் எழுதியிருப்பது அல்ல, மவுண்ட் செய்யும்போது, அதாவது டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும்போது, மொத்த டிஸ்க்குக்கும் சேர்த்து கெர்னல் ஒட்டிக் காட்டும் பெயர். வேறு கணினியில், வேறு யூசராகச் செருகிப் பாருங்கள், அங்கே வேறு பெயர் தெரியும்.

ஆகவே அந்த பேக்கப்பிலிருந்து ஓனர் விவரத்தை மீட்க வழி இல்லை. அது அங்கே ஒருநாளும் போய்ச் சேரவே இல்லை. உங்களுக்கு இதை எழுத மனது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழுதான டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓரளவாவது படிக்க வருகிறது என்றால், ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து, கோப்புகளின் பெயர், ஓனர் எண், குரூப் எண் மட்டும் ஒரு பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைண்ட் கட்டளையின் பிரிண்ட்எஃப் இதைச் செய்யும். கோப்பின் உள்ளடக்கத்தைத் தொட வேண்டியதில்லை. உள்ளடக்கம் படிக்க வராத கோப்புகளுக்குக்கூட இந்த விவரம் பல நேரம் வந்துவிடும்.

இனிமேலுக்கு இரண்டு வழி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எக்ஸ்ட்4-க்கு மாற்றி, எடுக்கும்போதும் திரும்பக் கொண்டுவரும்போதும் சூடோ போட்டு, அதாவது ரூட் அதிகாரத்தோடு, ஓட்டுங்கள். இரண்டு முறையும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ரூட்டாக எடுத்த அருமையான பேக்கப்பை சாதாரண யூசராகத் திருப்பினால், நீங்கள் இன்று பார்க்கும் அதே காட்சிதான். டிஸ்க்கை விண்டோஸிலும் பயன்படுத்த வேண்டும், மாற்ற முடியாது என்றால் டார் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி அதில் வையுங்கள். டார் கோப்புக்குள்ளேயே ஓனர் விவரம் எழுதப்பட்டுவிடும், வெளியே எந்த டிஸ்க் என்பது பொருட்டில்லை. ஃபேட்32 என்றால் மட்டும் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, எனவே துண்டு போட வேண்டிவரும்.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: வெளி டிஸ்க்குகளில் ஓனர் விவரத்தைப் பொருட்படுத்தாமல் விடும் அமைப்பு மேக்கில் வழக்கமாகவே ஆன் ஆகியிருக்கும். டிஸ்க்கைத் தேர்ந்து கெட் இன்ஃபோ திறந்தால் அடியில் அந்தக் கட்டம் இருக்கும். பேக்கப் எடுப்பதற்கு முன்பே டிக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் சூடோ போட்டுத்தான் எடுத்தேன், டிஸ்க்கும் எக்ஸ்ட்4. புதுக் கணினியில் எல்லா யூசர்களையும் அதே பெயரில் உருவாக்கிவிட்டு, டிஸ்க்கைச் செருகி, சூடோ போட்டே திருப்பினேன். இரண்டு பேருடைய கோப்புகள் மட்டும் ஆள் மாறி வந்துவிட்டன. எங்கே தவறினேன் மேடம்?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை. இதே தவறை நான் செய்திருக்கிறேன். நான் சர்வர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அலுவலகத்தில் பழைய கணினியை மாற்றினோம். பழைய கணினியில் கணக்குப் பிரிவு அம்மாவின் எண் 1001, இன்னொரு பிரிவில் இருந்த இளைஞரின் எண் 1002. புதியதில் யூசர்களை நான் அகர வரிசையில் உருவாக்கினேன், எண்கள் இடம் மாறிவிட்டன. சனிக்கிழமை இரவு எல்லாம் திருப்பி முடித்து, கோப்புகளின் எண்ணிக்கை சரி, அளவு சரி என்று பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பினேன். திங்கட்கிழமை காலையில் அந்த இளைஞர் என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "மேடம், என்னால எல்லாருடைய சம்பளப் பட்டியலையும் திறக்க முடியுது. நான் திறக்கல, ஆனா முடியுது. வந்து பாருங்க" என்றார். அவர் நல்லவர், அதனால் தப்பித்தோம். அன்றிலிருந்து எண்களைப் பார்க்காமல் நான் ஒரு கோப்பையும் திருப்புவதில்லை.

காரணம் இதுதான். டிஸ்க்கில் பெயர் எழுதப்படுவதே இல்லை, எண் மட்டும்தான் இருக்கிறது. 1001 என்ற எண்ணுக்கு யார் பெயர் என்பது ஒவ்வொரு கணினியிலும் ஈடிசி கோப்புறைக்குள் இருக்கும் பாஸ்டபிள்யூடி கோப்பைப் பார்த்துச் சொல்லப்படுவது. எல்எஸ் காட்டும் பெயரெல்லாம் அந்த நேரத்தில் அந்தக் கணினி பெயர்த்துச் சொன்னவை. எல்எஸ் கட்டளைக்கு 'எல்' உடன் 'என்' சேர்த்துப் பாருங்கள், திரை விலகி எண்கள் தெரியும். சின்ன வேலை, ஆனால் பழகிக்கொண்டால் கண் திறந்த மாதிரி இருக்கும்.

"ஆர்சிங்க் பெயரை வைத்துத்தான் பொருத்தும் என்று படித்தேனே" என்று கேட்பீர்கள். சரிதான், பொருத்தும். ஆனால் எப்போது என்பதைக் கவனியுங்கள். 1996-ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மக்கெராஸும் ஆர்சிங்க்கை வெளியிட்டபோது, ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு அனுப்புவதுதான் நோக்கம். அனுப்பும் கணினி "1001, இவர் பெயர் இது" என்று எண்ணோடு பெயரையும் சேர்த்து அனுப்பும். வாங்கும் கணினி அந்தப் பெயர் தன்னிடம் எந்த எண்ணில் இருக்கிறது என்று தேடி அந்த எண்ணைப் போடும். பெயர் இல்லையென்றால் வந்த எண்ணையே போட்டுவிடும். ரூட்டின் எண்ணான 0-ஐ மட்டும் பெயர் பார்த்து மாற்றாது.

நீங்கள் செய்தது என்ன? டிஸ்க்கைப் புதுக் கணினியிலேயே செருகினீர்கள். அனுப்புவதும் அதே கணினி, வாங்குவதும் அதே கணினி. 1001 யார் என்று புதுக் கணினியிடம் கேட்டு, அது சொன்ன பெயரை அதே புதுக் கணினியிடமே கொடுத்து எண் கேட்டால் 1001 தானே வரும்? பழைய கணினியில் 1001 யாராக இருந்தார் என்பது இந்தப் பேச்சுவார்த்தையில் வரவே இல்லை. ஆக, டிஸ்க்கைக் கையில் எடுத்துப் போய்ச் செருகும் இப்படிப்பட்ட ஆர்சிங்க் பேக்கப் எண் வழியில்தான் நடக்கும், நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

இப்போது சரிசெய்வது எப்படி? பேக்கப் டிஸ்க் இருக்கிறதல்லவா, அதில் பழைய எண்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆர்சிங்க்கில் யூசர்மேப் என்ற தேர்வு இருக்கிறது, 3.1 பதிப்பிலிருந்து உண்டு. 1001 வந்தால் 1002, 1002 வந்தால் 1001 என்று அதில் எழுதிக்கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். மாறாத கோப்புகளின் உள்ளடக்கத்தை அது மீண்டும் நகலெடுக்காது, ஓனரை மட்டும் திருத்திப் போகும். ஒரு எச்சரிக்கை: திருப்பிய பிறகு யாராவது கோப்புகளில் வேலை செய்திருந்தால், அப்டேட் தேர்வான 'யூ'வையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் செய்த வேலை மேல் பழையது எழுதப்படும். அப்படிச் சேர்த்தால் அந்தப் புதிய கோப்புகளின் ஓனர் திருந்தாது, அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அந்தத் தனி வேலையை, ஓனரை மாற்றும் சிஹெச்ஓன் கட்டளையால் செய்யும்போது நேரடியாக இடம் மாற்றப் போகாதீர்கள். 1001 எல்லாவற்றையும் 1002 ஆக்கினால், அடுத்த நொடியே இரண்டு பேருடையதும் கலந்துவிடும், பிரிக்கவே முடியாது. முதலில் 1001-ஐ யாருக்கும் இல்லாத ஒரு எண்ணுக்கு, 5001 என்று வையுங்கள், மாற்றுங்கள். அப்புறம் 1002-ஐ 1001 ஆக்குங்கள். கடைசியாக 5001-ஐ 1002 ஆக்குங்கள். கையில் இரண்டு பாத்திரம் இருந்தால் மாற்றி ஊற்ற மூன்றாவது பாத்திரம் வேண்டுமே, அதேதான்.

குரூப் எண்களையும் மறக்க வேண்டாம். யூசரை உருவாக்கும்போது அதே பெயரில் ஒரு குரூப்பும் உருவாகியிருக்கும், அதுவும் இடம் மாறியிருக்கும். அதற்கு குரூப்மேப்.

அடுத்த முறை இந்த வேலையே வராமலிருக்க, பழைய கணினியின் பாஸ்டபிள்யூடி கோப்பையும் குரூப் கோப்பையும் பேக்கப்போடு சேர்த்து எடுத்துவையுங்கள். புதுக் கணினியில் யூசர்களை உருவாக்கும்போது யூசர்ஆட் கட்டளையில் 'யூ' தேர்வோடு அந்தப் பழைய எண்ணையே கொடுங்கள். ஆட்களை மட்டும் பார்த்தால் போதாது. டெபியனில் வெப் சர்வரின் யூசருக்கு எப்போதும் 33 என்ற நிலையான எண் உண்டு, ஆனால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளங்களின் யூசர்களுக்கு எந்த வரிசையில் நிறுவினீர்களோ அந்த வரிசையில்தான் எண் விழும். போஸ்ட்கிரெஸ் தன் தரவுக் கோப்புறையின் ஓனர் தானில்லை என்று கண்டால் ஓடவே மாட்டேன் என்று நின்றுவிடும். அப்படி நின்றுவிடுவது நல்லது, உடனே தெரிந்துவிடுகிறது. சம்பளப் பட்டியல் அப்படி நின்று சொல்லாது.

கேள்வி: நியூமெரிக்-ஐடிஸ் தேர்வை எப்போதும் போட்டுவிடலாமா, வேண்டாமா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பெயரைப் பார்க்காமல் எண்ணையே அப்படியே போடச் சொல்லும் ஆர்சிங்க் தேர்வு அது. நெட்வொர்க் வழியாக ஒரு கணினியை முழுதாக பேக்கப் சர்வருக்கு எடுக்கிறீர்கள் என்றால் கட்டாயம் போடுங்கள். போடாவிட்டால் என்ன ஆகும்? உங்கள் கணினியில் போஸ்ட்கிரெஸ் 112, பேக்கப் சர்வரில் அதே பெயர் 118 என்றால், 118 என்று எழுதப்படும். பேக்கப் சர்வரில் இல்லாத பெயர்கள் பழைய எண்ணிலேயே இருக்கும். அதாவது ஒரே பேக்கப்புக்குள் சில எண்கள் உங்கள் கணினியின் கணக்கு, சில எண்கள் பேக்கப் சர்வரின் கணக்கு. பிறகு அவசரத்துக்கு அந்த டிஸ்க்கைக் கழற்றி வந்து செருகினால், எது எந்தக் கணக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து நெட்வொர்க் வழியே திருப்புபவர்களுக்கும் இதே ஆபத்து, ஏனென்றால் லைவ் யூஎஸ்பிக்குத் தனி பாஸ்டபிள்யூடி கோப்பு. டாரில் பிரிக்கும்போதும் இப்படியே. அது பெயர், எண் இரண்டையும் வைத்திருக்கும், ரூட்டாகப் பிரித்தால் பெயருக்கே முதல் மரியாதை கொடுக்கும். அங்கே நியூமெரிக்-ஓனர் என்று போட வேண்டும்.

வேண்டாத இடம் ஒன்றே: ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு கணினிகளுக்கிடையே, இரண்டிலும் அதே ஆட்கள் வேறு வேறு எண்ணில் இருக்கும்போது, ஒரு கோப்புறையை மட்டும் நேரடியாகக் கொண்டுபோவது. அங்கே பெயர் வழிதான் சரி.

கேள்வி: எங்கள் பேக்கப் சர்வரில் ரூட் அனுமதி தர மாட்டேன் என்கிறார்கள். சாதாரண அக்கவுண்ட்தான் கிடைக்கும். ஓனர் விவரத்தைக் காப்பாற்ற வழி உண்டா?

தர மறுத்தவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், அவர்களோடு சண்டை வேண்டாம். வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி அது. ஃபேக்-சூப்பர் என்ற தேர்வு.

பேக்கப் சர்வரில் எல்லாக் கோப்பும் உங்கள் சாதாரண அக்கவுண்டின் பெயரிலேயே எழுதப்படும். ஆனால் உண்மையான ஓனர், குரூப், பர்மிஷன் மூன்றையும் ஆர்சிங்க் ஒரு சீட்டில் எழுதி அந்தக் கோப்பின் மேலேயே ஒட்டிவைக்கும். சீட்டு என்று நான் சொல்வது எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் என்பதை. கெட்எஃப்ஏடிடிஆர் கட்டளையால் அதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு வெப்சைட் கோப்பில் 100644 என்றும், ஒரு இடம் விட்டு 0,0 என்றும், கடைசியில் 33:33 என்றும் இருக்கும். முதலாவது கோப்பின் வகையும் பர்மிஷனும், நடுவில் இருப்பது சாதனக் கோப்புகளுக்கானது, கடைசி இரண்டும் ஓனரும் குரூப்பும். முதன்முதலில் அந்த 33:33-ஐப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சர்வரில் எந்த அதிகாரமும் இல்லாத ஒரு அக்கவுண்ட், இன்னொரு கணினியின் மொத்த உரிமை விவரத்தையும் பத்திரமாகச் சுமந்துகொண்டிருக்கிறது!

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. இந்தத் தேர்வு எந்தப் பக்கம் போடுகிறீர்களோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் பொருந்தும். உங்களுக்கு வேண்டியது சர்வர் பக்கம். ஆகவே பெரிய 'எம்' தேர்வோடு ஒட்டி, இடம் விடாமல், இரண்டு கோடு போட்டு ஃபேக்-சூப்பர் என்று எழுத வேண்டும். உங்கள் கணினியில் ஆர்சிங்க் ரூட்டாகவே ஓட வேண்டும், இல்லையென்றால் மற்றவர்களின் பூட்டிய கோப்புகளைப் படிக்கவே முடியாது. திருப்பிக் கொண்டுவரும்போதும் அதே பெரிய 'எம்' வேண்டும், அதை மறந்தால் சீட்டைப் படிக்காமல் எல்லாக் கோப்பையும் பேக்கப் அக்கவுண்டின் பெயரில் தூக்கி வரும். நியூமெரிக்-ஐடிஸையும் சேர்த்துவிடுங்கள். அப்புறம், அந்த பேக்கப்பை யாராவது சர்வரிலேயே வெறும் சிபி கட்டளையால் வேறு இடத்துக்கு நகலெடுத்தால் சீட்டுகள் உதிர்ந்துவிடும். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேள்வி: நெட்வொர்க்கில் என்எஃப்எஸ் வழியாக மவுண்ட் செய்த ஸ்டோரேஜுக்கு ரூட்டாகவே ஓட்டுகிறேன். அப்படியும் சிஹெச்ஓன் அனுமதியில்லை என்று ஆயிரக்கணக்கில் பிழை வருகிறது.

நீங்கள் உங்கள் கணினியில்தான் ரூட், அந்த ஸ்டோரேஜில் இல்லை. ரூட்-ஸ்குவாஷ் என்ற அமைப்பு, வெளியிலிருந்து வரும் ரூட்டை நோபடி என்ற வெற்று ஆளாக மாற்றிவிடும். வழக்கமாக அதன் எண் 65534. அந்த அமைப்பை நீக்கச் சொல்பவர்கள் உண்டு, நான் சொல்ல மாட்டேன். நெட்வொர்க்கில் யார் ரூட்டாக வந்தாலும் கதவு திறந்துவிடும். அந்தச் சாதனத்தில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வசதி) இருந்தால், மவுண்ட்டை விட்டுவிட்டு மேலே சொன்ன ஃபேக்-சூப்பர் வழியில் போங்கள். இல்லையென்றால் டார்.

கேள்வி: சிங்க்திங், ஆர்குளோன், யூனிசன் போன்ற ஒத்திசைக்கும் மென்பொருள்கள் ஓனர் விவரத்தைக் காக்குமா?

தானாகக் காக்காது. சிங்க்திங்கில் ஓனரை ஒத்திசைக்கும் அமைப்பு இருக்கிறது, நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். ஆர்குளோனில் மெட்டாடேட்டா தேர்வு, யூனிசனில் ஓனர், குரூப் என்ற இரண்டு அமைப்புகள். எதிலும் வாங்கும் பக்கம் போதிய அதிகாரம் வேண்டும் என்ற சட்டம் மாறாது. இவை ஒரே ஆளின் கோப்புகளை இரண்டு மூன்று சாதனங்களில் ஒன்றுபோல வைக்க நல்லவை. பல பேர் உள்ள சர்வரின் பேக்கப்பை இவற்றை நம்பி விடாதீர்கள்.

கேள்வி: ஓனர் குழம்பியதும் ஒரேயடியாக சிஹெச்ஓன் போட்டு எல்லாவற்றையும் ரூட் பெயருக்கு மாற்றினேன். இப்போது சூடோவே வேலை செய்யவில்லை.

சிஹெச்ஓன் ஓடும்போது நிரல் கோப்புகளின் செட்யூஐடி என்ற விசேஷ அடையாளத்தை லினக்ஸ் அழித்துவிடும், ஓட்டுவது ரூட்டாக இருந்தாலும். யார் ஓட்டினாலும் நிரலை அதன் ஓனரின் அதிகாரத்தோடு ஓடவைப்பது அந்த அடையாளம். சூடோ அதை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. ரெக்கவரி மோடில் பூட் செய்து, சூடோ கோப்புக்கு மட்டும் அடையாளத்தைத் திருப்பிக் கொடுத்து உள்ளே வாருங்கள். பிறகு பேக்கப்பிலிருந்து ஓனரையும் பர்மிஷனையும் ஆர்சிங்க்கால் திருத்துங்கள். அதுவரை வேறு எதையும் கையால் மாற்ற வேண்டாம், தயவுசெய்து.

கேள்வி: எங்கள் பேக்கப் 3 டிபி இருக்கும். முழுவதும் திருப்பிப் பார்க்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஓனர் விவரம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல கேள்வி. முழுவதும் திருப்ப வேண்டியதில்லை.

பேக்கப் எடுத்து முடிந்ததும் அதே கட்டளையை ட்ரை-ரன் தேர்வான 'என்', விவரம் காட்டும் 'ஐ' இரண்டையும் சேர்த்து, ரூட்டாக, மறுபடி ஓட்டுங்கள். எதையும் எழுதாமல், எதை மாற்ற நினைக்கிறது என்று மட்டும் வரிவரியாகச் சொல்லும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் புள்ளிகளும் எழுத்துகளுமாக ஒரு கோவை இருக்கும். அதில் 'ஓ' தெரிந்தால் ஓனர் பொருந்தவில்லை, 'ஜி' தெரிந்தால் குரூப் பொருந்தவில்லை. எல்லாம் சரியென்றால் அப்படி ஒரு வரியும் வராது. அனுமதியில்லாத சாதாரண யூசராக ஓட்டினால் இந்தச் சோதனையும் உங்களுக்கு உண்மை சொல்லாது, ரூட்டாக ஓட்டுங்கள்.

இன்னொன்று, நான் ஒவ்வொரு இரவும் செய்வது. கெட்எஃப்ஏசிஎல் கட்டளையை பெரிய 'ஆர்' தேர்வோடு ஓட்டி, வெளிவருவதை ஒரு எழுத்துக் கோப்பாகச் சேமித்து பேக்கப்போடு வைக்கிறேன். ஒவ்வொரு கோப்புக்கும் வரிவரியாக அதன் பெயர், ஓனர், குரூப், அப்புறம் பர்மிஷன்கள். அழுத்தி வைத்தால் மிகச் சிறியதாகிவிடும். நாளை எந்த வழியில் எடுத்த பேக்கப் எப்படிச் சொதப்பினாலும், கோப்புகள் அதே இடத்தில் இருந்தால் போதும். செட்எஃப்ஏசிஎல் கட்டளையை ரீஸ்டோர் தேர்வோடு ரூட்டாக ஓட்டி இந்தப் பட்டியலைக் கொடுத்தால், ஓனர் உட்பட எல்லாவற்றையும் பழையபடி போட்டுவிடும். முதல் கேள்வி கேட்ட வாசகரின் எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் இந்த ஒரு கோப்பு இருந்திருந்தால், அவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்திருப்பார். வழக்கமாக இது பெயர்களை எழுதும், எண்களாக வேண்டுமென்றால் 'என்' சேருங்கள். நான் இரண்டையும் எடுக்கிறேன்.

இதைச் சொன்னதும் நினைவு வருகிறது: ஒரு கோப்புக்கு ஓனர், குரூப் தவிர இன்ன இன்னாருக்கும் அனுமதி என்று ஏசிஎல் பட்டியல் வைத்திருந்தால், ஆர்சிங்க்கின் 'ஏ' அதை எடுக்காது. ஹார்ட்லிங்க்குகளையும் (ஒரே கோப்புக்கு இருக்கும் பல பெயர்கள்) எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டுகளையும்கூட எடுக்காது. சின்ன 'ஏ'யோடு பெரிய 'ஹெச்', பெரிய 'ஏ', பெரிய 'எக்ஸ்' மூன்றையும் சேர்க்க வேண்டும். ஹார்ட்லிங்க்குகள் நிறைய இருந்தால் நினைவகம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பரவாயில்லை.

கடைசியாக, ஒரு சின்னக் கோப்புறையையாவது உண்மையாகத் திருப்பிப் பாருங்கள். பல பேருடைய கோப்புகள் கலந்த கோப்புறையாகத் தேர்ந்தெடுங்கள், உங்கள் சொந்தக் கோப்புறை உதவாது, அதில் எல்லாம் எப்போதும் சரியாகவே தெரியும். தற்காலிக இடத்தில் திருப்பி, எல்எஸ்ஸுக்கு 'எல்', 'என்' கொடுத்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிடுங்கள். ஃபைண்ட் கட்டளைக்கு நோயூசர் என்று கொடுத்தால், பெயரில்லாத எண்களோடு அநாதையாக நிற்கும் கோப்புகளையும் காட்டிவிடும். அந்தப் பட்டியல் காலியாக வந்த பிறகு தற்காலிகக் கோப்புறையை அழித்துவிடலாம்.